கடற்கரை விடுதியில் பாத்தி கட்டியவர்

வடவள்ளி, கோவை
2.2.1994

திரு. நசுருதீன் அவர்களுக்கு,

நான் நலம். தங்கள் நலத்தையும், தங்கள் துணைவியார் உம்மல் குல்சும் அவர்களின் முழங்கால் வலி குறைந்ததா என்பதையும் அறிய விரும்புகிறேன். முகமன் இத்துடன் முடிந்தது.

கோவளத்துக்குத் தெற்கே உள்ள கடற்கரை விடுதியில், தங்கள் வற்புறுத்தலின்பேரில் நான் கழித்த நான்கு நாட்களில் எனக்கு இழைக்கப்பட்டவை வருமாறு:

1. 26.1.94, காலை. விடுதியின் பதிவேட்டில், முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பொருளாதாரம் கற்பிக்கும் என் பெயருக்கு எதிரே "சர்க்கஸ் மேனேஜர், ஓய்வு" என்று எழுதினீர்கள். எனக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டாண்டுகள் உள்ளன. சமையல்காரர் முதல் மேலாளர் வரை அனைவரும் சிங்கம் என்ன தின்னும் என்று கேட்டனர். மூன்றாம் நாள் நானே சலித்துப்போய், "ஒன்பது கிலோ இறைச்சி" என்று பதில் சொல்லும் நிலைக்குத் தள்ளப்பட்டேன்.

2. அதே நாள், மாலை. "அலை ஒண்ணும் பண்ணாது, வாடா துரை" என்று இழுத்துச் சென்றீர்கள். அலை என் வேட்டியைக் கொண்டு போயிற்று. மாற்றுத் துணி என்று தாங்கள் எடுத்து வந்தது உணவுக்கூடத்தின் மேசை விரிப்பு, காவி நிறம். அதைச் சுற்றிக்கொண்டு நான் வரும் வழியில், யோகா பழகிக்கொண்டிருந்த ஏழு ஜெர்மானியர்கள் எழுந்து கைகூப்பினர். ஓர் அம்மையார் என் காலைத் தொட்டார். நான் விளக்கம் தர வாய் திறக்குமுன், சாமி மௌன விரதம் என்று ஆங்கிலத்தில் அறிவித்தீர்கள். மறுநாள் காலை என் அறை வாசலில் பதினொரு வாழைப்பழங்கள் இருந்தன. எட்டைத் தாங்கள் தின்றீர்கள்.

3. 27.1.94. சாம்பாரில் சர்க்கரை சேர்த்தது உள்ளிட்ட பதினான்கு குறைகளை நான் மேலாளருக்கு எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்தைப் போலச் செய்து, "சிங்கத்துக்கு இடவசதி போதாது" என்று பதினைந்தாவதாகச் சேர்த்தீர்கள்.

4. 28.1.94, வெள்ளிக்கிழமை. தாங்கள் தொழுகைக்குச் சென்றிருந்தபோது, தோட்டக்காரன் ஒருவன் தென்னை மரங்களுக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டான். அது என் நாற்காலிக்கடியில் வந்து செய்தித்தாளை நனைத்தது. நான் கண்டித்தேன். நாற்காலியைத் தூக்கி வைக்கவும், அறைக்கு வெந்நீர் கொண்டுவரவும் செய்தேன். இவ்வளவையும் திரும்பி வந்து பார்த்த தாங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு, துண்டை வாயில் திணித்துக்கொண்டு, கால் மணி நேரம் சிரித்தீர்கள். ஒரு வேலையாளின் முன்னால் என்னை இவ்வாறு சிறுமைப்படுத்தியதை மற்ற மூன்றோடும் சேர்க்க என்னால் இயலவில்லை.

5. 29.1.94. திருவனந்தபுரத்தில் ரயில் ஏறியது முதல் கோவை வரும்வரை தாங்கள் ஒரு சொல் பேசவில்லை. காரணமும் சொல்லவில்லை.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். எடுத்துக் கீழே வைத்துவிடுவேன்.

இங்ஙனம்,
பேராசிரியர் மு. தம்பிதுரை

*

கோட்டைமேடு, கோவை
9.2.1994

துரைக்கு,

நாங்கள் நலம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது; உன் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது குல்சும் சிரித்த சிரிப்பில் அரை மணி நேரம் மறந்திருந்தாள். நாற்பது வருடமாக "டேய்" என்று கூப்பிட்டவன் "தங்கள்" என்று எழுதியதும், தபால்காரர் வீடு மாற்றிப் போட்டுவிட்டாரோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

முதல் மூன்றுக்கும் மன்னிப்பு. பழங்களுக்குத் தனி மன்னிப்பு. நாலாவதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது. அதை நினைத்துத்தான் ரயிலில் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். நீ வீட்டில் இல்லையென்று உன் வீட்டம்மா வள்ளியாத்தாள் சொன்னாள். "இல்லைன்னு சொல்லு" என்று நீ உள்ளேயிருந்து சொன்னதும் கேட்டது. கதவைத் திற துரை. நேரில் சொல்ல வேண்டிய விஷயம்.

பூங்கோதை கடிதம் போட்டாளா? போட்டால் எனக்குச் சொல்லு.

நசுருதீன்

*

வடவள்ளி
14.2.1994

அன்புள்ள பூங்கோதைக்கு,

இங்கு நானும் உன் அம்மாவும் நலம். வால்பாறைக் குளிரில் உன் இருமல் தணிந்ததா? பள்ளியில் தேர்வு வேலைகள் தொடங்கியிருக்கும். மூன்று வாரங்களாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இது உன் வழக்கம் அன்று.

நசுருதீனோடு கடற்கரைக்குப் போய் வந்தேன். அவன் ஒரு கோமாளி என்பது நாற்பது ஆண்டுகளாக எனக்குத் தெரியும்; நானும் கோமாளியாக்கப்பட்டதுதான் புதிது. அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

உனக்கு இருபத்தேழு வயது முடிகிறது. இதுவரை வந்த நான்கு வரன்களும் நான் அனுப்பிய கேள்விப் பட்டியலுக்குப் பதில் எழுதாமலே விலகிக்கொண்டனர். ஒரு தாளுக்கு மறுமொழி எழுத இயலாதவர்கள் குடும்பம் நடத்துவது எப்படி? கவலை வேண்டாம். தக்கவர் வருவார்.

உடனே எழுதவும்.

அப்பா

*

வால்பாறை
3.3.1994

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இருமல் இல்லை. அம்மாவைக் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை சாப்பிட வேண்டாமென்று சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடல் எப்படி இருந்தது? நசீர் மாமாவைத் தவிர, அங்கே வேறு யாரிடமாவது பேசினீர்களா? யாரிடம், என்ன பேசினீர்கள் என்று எனக்கு விவரமாக எழுதுங்கள் அப்பா. பிறகு யோசித்தபோது இப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று ஏதாவது தோன்றியிருந்தால் அதையும் எழுதுங்கள். நான் காத்திருக்கிறேன்.

உங்கள்
பூங்கோதை

*

வடவள்ளி
8.3.1994

அன்புள்ள பூங்கோதைக்கு,

நலம். உன் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். அம்மாவிடம் மாத்திரை குறித்துச் சொல்லிவிட்டேன்.

நீ கேட்டபடி விவரமாகவே எழுதுகிறேன். குறிப்பிடத்தக்க எவரையும் அங்கு நான் சந்திக்கவில்லை. ஒரே ஒரு சம்பவம் உனக்குப் பயன்படலாம். நீயும் ஆட்களை வேலை வாங்க வேண்டியவள்தான்.

அங்கு தோட்டக்காரன் ஒருவன் இருந்தான். அறுபது வயதிருக்கும். இடுப்பில் துண்டு, கையில் மண்வெட்டி. அவன் விட்ட தண்ணீர் என் மீது வந்தது. "கண்ணு அவிஞ்சா போச்சு? மனுசன் உக்காந்திருக்கறது தெரியலியா?" என்று கேட்டேன். "தெரியாமப் போச்சுங்க, மரம் காஞ்சு நிக்குதுங்களேன்னு" என்றான். அவன் பேச்சிலிருந்து நம் பக்கத்து ஆள், பிழைக்க வந்தவன் என்று தெரிந்தது. "நம்மூர்ல வேலை செய்ய வளையாம இங்க வந்தியாக்கும்? மண்ணாட்டம் நிக்காதே, நாற்காலியத் தூக்கு" என்றேன். தூக்கினான். "வெந்நீர் கொண்டா" என்றேன். "ஆகட்டுங்க" என்று கொண்டுவந்தான். வாளியை வைத்த இடம் சரியில்லை. அதையும் சுட்டிக்காட்டி மாற்றி வைக்கச் செய்தேன். கண்டிப்பாக இருந்தால் யாரும் ஒழுங்காக வேலை செய்வார்கள் என்பதற்கு இது சான்று.

இப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று தோன்றும்படி நான் எதுவும் செய்யவில்லை.

அப்பா

*

கோட்டைமேடு
2.4.1994

துரைக்கு,

நாங்கள் நலம். நோன்பும் பெருநாளும் முடிந்துவிட்டன. உன் பங்குப் பிரியாணி, கறி போடாதது, இந்த வருடம் வடவள்ளிக்கு வரவில்லை. நாற்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை.

நீ கதவைத் திறக்கமாட்டாய் என்று தெரிந்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். உட்கார்ந்து படி.

வால்பாறையில் சுரேந்தர் என்று ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார். கோபிக்குப் பக்கத்தில் கொடிவேரிக்காரர். பூங்கோதைக்கும் அவருக்கும் இரண்டு வருடமாகப் பழக்கம். அந்தத் தம்பியின் அப்பா குப்பண்ணன் முப்பது வருடமாக என் கடையில் மோட்டாருக்குச் சாமான் வாங்குகிறவர். போன தீபாவளிக்கு வந்தபோது பூங்கோதை என் கடையில் வந்து உட்கார்ந்தாள். "அப்பாகிட்டச் சொன்னா கேள்வித்தாள் அனுப்பிருவாருங்க மாமா. அஞ்சாவதா இதுவும் போயிரும். நீங்கதான் ஏதாச்சும் பண்ணோணும்" என்று அழுதாள்.

பெண்ணைப் பார்க்கும் முன்பு பெண்ணின் அப்பனைப் பார்ப்பேன் என்பது குப்பண்ணன் வைத்திருக்கிற முறை. யாரென்று சொல்லிக்கொள்ளாமல் சந்தையிலோ பஸ்ஸிலோ பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். மூத்த பையன்கள் இருவருக்கும் அப்படித்தான் செய்தார். நான்தான் கடற்கரையென்று சொன்னேன். நீ காலேஜில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி. கடற்கரையில் கொஞ்சம் இளகியிருப்பாய் என்று நினைத்தேன். சர்க்கஸ், மௌனச் சாமியார் எல்லாம் உன்னைச் சிரிக்க வைக்கத்தான். சிரித்த முகத்தோடு அவர் கண்ணில் பட வேண்டுமென்று ஆசை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் வந்து சேர்ந்தார். நான் பள்ளிவாசலில் இருந்தேன். அந்த மனுசருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. காய்ந்த தென்னையைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டி எடுத்துவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது அவர் கையில் உன் வெந்நீர் வாளி. சொல்ல வாயெடுத்தேன். "சும்மா இருங்க நசீரு, பாப்போம்" என்று கண் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணப் பந்தலில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்துத்தான் சிரித்தேன் துரை. சத்தியமாக. அன்று மாலை அவர் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்று தெரிந்ததும்தான் என் வாய் அடைத்தது.

அவர் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். சுரேந்தர், அப்பாவை மீறி வருகிறேன் என்று சொன்னார். பூங்கோதைதான் மறுத்தாள். "அவரு சொன்னதுல ஒண்ணும் பொய்யில்லீங்களே மாமா" என்றாள். அப்புறமும் ஒரு வழி வைத்திருந்தாள். "எங்கப்பாவுக்கு அவராத் தப்புன்னு தோணியிருந்தா, நானே கொடிவேரி போயிக் கால்ல உழுந்து கேட்டுக்கறேன்" என்று உனக்கு ஒரு கடிதம் போட்டாள். நீ எழுதிய பதிலை என் கடைக்கு அனுப்பி வைத்திருக்கிறாள். அதோடு அவள் எழுதியது ஒரு வரிகூட இல்லை.

நசுருதீன்

*

(இணைப்பு: குப்பண்ணன் சொல்ல, அவருடைய மருமகள் எழுதியது)

கொடிவேரி
6.2.1994

நசுருதீனுங்களுக்கு,

இங்க எல்லாரும் சொகமுங்க. அங்க அம்மணிக்கு முழங்காலு தேவலைங்களா? நீங்க குடுத்த புது வாசரு போட்டதுல மோட்டாரு சத்தமில்லாம ஓடுதுங்க.

ஆளு தெரியாமப் பேசிப்போட்டாரு, மனசுல வெச்சுக்காதீங்கன்னு எழுதியிருந்தீங்க. என்னையப் பேசுனதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க. மம்மட்டிய எடுத்தவன்தானுங்க நானு. ஆளு தெரிஞ்சிருந்தா அவரு நல்லாத்தான் பேசியிருப்பாருங்க. சம்பந்தின்னு தெரிஞ்சா ஆரு கெட்டதாப் பேசுவாங்க? எங்க தோட்டத்துல பதினாறு பேரு பாடுபடறாங்க. பூராம் எங்க கூடவே உக்காந்து சோறு திங்கறவங்க. நாளைக்கு அவரு பொண்ணு ஊடுன்னு வருவாரு, போவாரு. அவங்களையெல்லாம் என்ன பேச்சுப் பேசுவாருன்னு நான் இப்பவே கேட்டுப்போட்டு வந்துட்டனுங்க.

பொண்ணு தங்கமுங்க. பையன் மூஞ்சியப் பாக்க முடியலீங்க. ஆனாலும் வேண்டாமுங்க.

குப்பண்ணன்

*

வடவள்ளி
10.4.1994

நசுருதீனுக்கு,

என் மகளின் வாழ்வை ஒரு கோமாளிக் கூத்தாக்க உனக்கு அதிகாரம் தந்தது யார்? தேர்வு என்று அறிவிக்காமல் தேர்வு வைப்பதும், வினாவைக் காட்டாமல் விடையைத் திருத்துவதும் எந்த நியாயம்? எனக்கு முன்கூட்டி ஒரு சொல் சொல்லியிருந்தால் நான்

மேலே உள்ள வரியை முடிக்க ஆறு நாட்களாக முயல்கிறேன். "நான் மரியாதையாக நடந்திருப்பேன்" என்று எழுதினால் அந்த மனிதர் சொன்னதை நானே ஒப்புக்கொண்டதாகிறது. அந்த வரியை அடித்துவிடாமலே அனுப்புகிறேன்.

இனி என் வீட்டுக்கு வராதே.

தம்பிதுரை

*

வடவள்ளி
18.4.1994

உயர்திரு குப்பண்ணன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடந்த 28.1.94 அன்று தங்களிடம் நான் நடந்துகொண்ட முறைக்காகத் தங்களிடம் நிபந்தனையற்ற மன்னிப்புக் கோருகிறேன். என் தந்தையும் மண்வெட்டி பிடித்தவர்தான். அவருடைய உழைப்பில்தான் நான் படித்தேன். என் குறையை என் மகள் மீது ஏற்றிவிட வேண்டாம். அவள் என்னைப் போன்றவள் அல்லள். அவளிடம் தாங்கள் ஒரு முறை பேசிப் பார்க்க வேண்டுமென்று இறைஞ்சுகிறேன். தேவையெனில் திருமணத்துக்குப் பின் தங்கள் ஊர் எல்லையை நான் மிதிக்கமாட்டேன் என்று எழுதித் தரவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

பணிவுடன்,
மு. தம்பிதுரை

*

கொடிவேரி
5.5.1994

பேராசிரியருங்களுக்கு,

கும்புடறனுங்க. உங்க காயிதம் வந்துச்சுங்க. நாங்க எல்லாரும் சொகமுங்க. நீங்களும் ஊட்ல அம்மணியும் சொகந்தானுங்களே?

பெரிய படிப்புப் படிச்சவங்க என்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்கப்படாதுங்க. எனக்கு மனசுல ஒண்ணும் இல்லீங்க. அன்னைக்கே போச்சுங்க. பெத்த புள்ள ஊட்டுக்கு வரமாட்டேன்னு எழுதித் தாரேன்னீங்க. அப்புடி ஒரு பொண்ண எடுத்துப்போட்டு நாங்க எப்புடிங்க நிம்மதியா இருக்கறது?

பையனுக்குச் சத்தியமங்கலத்துல முடிச்சுப்போட்டங்க. உங்க பொண்ணு வேண்டாம்னு உறுதியாச் சொல்லிப்போட்டதுனால அவனும் சரின்னுட்டானுங்க. வைகாசி பன்னண்டு முகூர்த்தமுங்க. பத்திரிகை வெச்சிருக்கறனுங்க. குடும்பத்தோட ஒரு நா முன்னாடியே வந்து இருந்து நடத்திக் குடுக்கோணுமுங்க.

குப்பண்ணன்

*

வடவள்ளி
12.6.1994

அன்புள்ள பூங்கோதைக்கு,

இங்கு இருவரும் நலம். உன் அம்மா என்னிடம் பேசுகிறாள்: சாப்பாடு ஆயிற்றா, விளக்கை அணைக்கலாமா, இவ்விரண்டும்.

ஏப்ரல் முதல் இது உனக்கு நான் எழுதும் ஆறாவது கடிதம். முந்தைய ஐந்துக்கும் பதில் இல்லை. அவை திரும்பி வரவும் இல்லை. ஆகவே உன் கையில் சேர்ந்தன என்று கொள்கிறேன்.

நீ அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மே 22 அன்று நான் வால்பாறைக்கு வந்தேன். நான் மாறிவிட்டேன் என்று உன்னிடம் நேரில் சொல்வதற்காகவே வந்தேன். வழியெல்லாம் அதற்கான வாக்கியங்களை மனத்துக்குள் அமைத்துக்கொண்டு வந்தேன். மலைப்பாதையின் பாதியில், நடத்துநர் என் பையைக் காலால் நகர்த்தினார். "ஏண்டா, காலாலயா தள்ளுவே? அறிவிருக்கா?" என்றேன். பேருந்தில் இருந்த அனைவரும் திரும்பிப் பார்த்தனர். அவர் குரலை உயர்த்தவில்லை. உன் வயதுதான் இருக்கும். "இந்தப் பக்கம் கம்பி குத்துமுங்க, அதுக்குத்தான் நகத்தினேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எஞ்சிய வளைவுகள் முழுவதிலும், நான் அமைத்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றைக்கூட என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

ஆசிரியர் குடியிருப்புக்கு வந்தேன். நீ வெளியே போயிருப்பதாகப் பக்கத்து வீட்டு ஆசிரியை சொன்னார். உன் செருப்பு வாசலில் இருந்தது. கதவைத் தட்டவில்லை. எதிரே இருந்த கல்லில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சன்னல் திரை ஒரு முறை அசைந்தது, காற்றாகவும் இருக்கலாம். கடைசிப் பேருந்துக்கு எழுந்து வந்தேன்.

நீ என்னை மன்னிக்க வேண்டுமென்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதியை மலைப்பாதையில் இழந்தேன். எனக்கு ஐம்பத்தாறு வயது. முப்பத்திரண்டு ஆண்டுகளாக ஒரே குரலில் பேசியிருக்கிறேன். அந்தக் குரல் தவிர எனக்கு வேறு குரல் இல்லையென்றே தோன்றுகிறது. உன்னிடமும் அந்தக் குரலில்தான் எழுதுகிறேன் என்பது தெரிகிறது. மூன்று முறை கிழித்து எழுதியும் அது போகவில்லை.

நீ நலமா, இல்லையா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். ஒரு சொல் போதும். என்னைத் தந்தையாகக் கருதவில்லை என்று எழுதுவதானாலும் எழுது. அதையும் உன் கையெழுத்தில்தான் நான் படிக்க வேண்டும். வாய்மொழியாக அம்மா மூலமோ நசுருதீன் மூலமோ சொல்லியனுப்புவதை ஏற்கமாட்டேன். 30.6.1994, வியாழக்கிழமை, மாலைத் தபாலுக்குள் எழுத்து மூலமான பதில் என் கைக்கு வந்து சேர வேண்டும்.

அப்பா